கூரைப் பெட்டி யாருடையது? காவிரி டெல்டாவில் ஒரு வடிவத் தகராறு

இரண்டு சிறு மின்னணு நிறுவனங்களுக்கு இடையில் நடந்த தகராறு இது. இரண்டுமே தஞ்சாவூர் மாவட்டத்தில் இருப்பவை. இரு தரப்பின் சம்மதத்தோடும், ஆட்களையும் ஊர்களையும் அடையாளம் தெரியாதபடி மறைத்தும் எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு பக்கத்திலும் என் மாணவர்கள் இருந்தார்கள், அதனால்தான் இருவருமே என்னைக் கூப்பிட்டார்கள். இதில் எனக்குப் பணம் ஏதும் இல்லை. மனச்சாய்வு இல்லை என்று மட்டும் சொல்ல முடியாது. முதல் நிறுவனத்தின் பெட்டியை அது காகிதத்தில் கோடாக இருந்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும்.

பின்னணி

டெல்டா என்றதும் வாய்க்கால் பாசனம்தான் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வரும். ஒரத்தநாடு, பாபநாசம், திருவையாறு பக்கம் போனால் வயலுக்கு நடுவே மோட்டார் கொட்டகைகளைப் பார்க்கலாம். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கும் என்பது வழக்கம். திறக்காத ஆண்டுகளும் உண்டு, தள்ளிப்போன ஆண்டுகளும் உண்டு. 2024-இல் ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். ஆழ்துளைக் கிணறு (போர்) வைத்திருப்பவர் அதற்காகக் காத்திருக்காமல் குறுவைக்கு நாற்று விட்டுவிடுவார். அவருடைய சிக்கல் மும்முனை மின்சாரம். அது நள்ளிரவில் வந்தால் எழுந்து வரப்பில் நடந்து போய் மோட்டாரைப் போட வேண்டும். மூன்று முனைகளில் ஒரு முனை (பேஸ்) போனாலும் நிறுத்த வேண்டும், இல்லையென்றால் காயில் எரிந்துவிடும். வரப்பில் பாம்பு கடித்து இறந்தவர்கள் உள்ள ஊர்கள் இவை.

முதல் நிறுவனம் ஒரு அப்பாவும் மகளும். அப்பா முப்பது வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். மகள் பொறியியல் படித்துவிட்டு வந்து, செல்பேசியிலிருந்து மோட்டாரைப் போடவும் நிறுத்தவும் உதவும் ஸ்டார்ட்டர் கருவியைச் செய்தார். சர்க்யூட் ஒன்றும் உலகத்துக்குப் புதிது இல்லை, சந்தையில் அப்படிக் கருவிகள் நிறைய உண்டு. புதிதாக இருந்தது பெட்டி. மோட்டார் கொட்டகைகள் பெரும்பாலும் ஒழுகும். அதனால் மகள் பெட்டியின் நெற்றியில் முன்னால் நீண்டு இரு பக்கமும் சரிந்து இறங்கும் ஒரு விளிம்பு வைத்தார், ஓட்டு வீட்டு இறவாரம் மாதிரி. அதன் நிழலில் மூன்று பேஸுக்கு மூன்று விளக்குகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. பகல் வெளிச்சத்திலும் எந்த பேஸ் இல்லை என்பது தூரத்திலிருந்தே தெரியும். நிறம் நாற்றங்கால் பச்சை.

விவசாயிகள் அதற்குக் கூரைப் பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். நிறுவனத்தின் பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. எலக்ட்ரீசியனிடம் போய், "கூரை வச்ச பெட்டி குடுப்பா" என்றுதான் கேட்டார்கள்.

பெட்டியை அடிக்கும் அச்சான மோல்டைக் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் போட்டார்கள். ஒன்றே முக்கால் லட்சம் ஆயிற்று. மகளின் வளையலும் அதில் போனது. பட்டறைக்காரர் கொடுத்த பில்லில் "பாக்ஸ் டெவலப்மென்ட் சார்ஜ்" என்று ஒரே ஒரு வரி. மோல்டு பட்டறையிலேயே இருக்கும், வேண்டும்போது பெட்டி அடித்துத் தருவார்கள் என்பது வாய்ப்பேச்சு.

தை மாதம் தஞ்சாவூரில் நடந்த ஒரு வேளாண் கண்காட்சியில் கடை போட்டார்கள். அங்கே எடுத்த வீடியோ விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. ஆடிக்குள் எண்பது பெட்டிக்கு மேல் விற்றுவிட்டது. அதன் பிறகு யாரோ சொல்லி, ஆவணியில் வடிவமைப்புச் சட்டம், 2000-இன் கீழ் பதிவுக்கு விண்ணப்பித்தார்கள். சான்றிதழும் வந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பட்டறையில் மாட்டினார் அப்பா.

வைகாசியில் வந்த கருகிய பெட்டி

பதிவு செய்த பிறகு வந்த இரண்டாவது வைகாசி. பாபநாசம் பக்கத்து எலக்ட்ரீசியன் ஒருவர் போனில், "அண்ணே, உங்க பெட்டியையே அறுநூறு ரூவா கம்மியா ஒருத்தன் தர்றான், உங்க ஆளா?" என்று கேட்டார். அப்பா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலைந்து நாளில் ஒரு விவசாயி கருகிய பெட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். பல்லி விழுந்து டெர்மினல் எரிந்திருந்தது. "ஏம்மா, வாங்கி ரெண்டு மாசம்கூட ஆவல, இப்புடிப் பண்ணிட்டீங்களே" என்றார். மகள் பெட்டியைத் திருப்பினார். ஓரத்தில் சின்ன ஆங்கில எழுத்தில் வேறொரு நிறுவனத்தின் ஸ்டிக்கர். கும்பகோணம் பக்கம் மூன்று நண்பர்கள் நடத்தும் நிறுவனம் அது.

அன்று மாலை நான் போயிருந்தேன். அப்பா நான்கு ஸ்குரூவையும் கழற்றி, சர்க்யூட் போர்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, வெறும் பெட்டியை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தார். உள்சுவரில், இடது மூலைக்குப் பக்கத்தில், நகம் கீறியது போல ஒரு பிறைக்கோடு. பிறகு தன் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். அதே இடத்தில் அதே பிறை. போன வருடம் மோல்டில் விரிசல் விழுந்து, வெல்டு வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். அந்தத் தழும்பு அதற்கப்புறம் அடித்த ஒவ்வொரு பெட்டியிலும் விழுந்தது. "உள்ளேதானே, யார் பார்க்கப்போறா" என்று பட்டறைக்காரர் சமாதானம் சொல்லியிருக்கிறார்.

யாரோ பார்த்து வரைந்த பெட்டி இல்லை இது, இவர்கள் காசு கொடுத்துப் போட்ட மோல்டிலேயே அடித்த பெட்டி. அப்பா வெகுநேரம் பேசவே இல்லை.

போர்டையும் பார்த்தோம். அது முழுக்க வேறு. ரிலே, பவர் சப்ளை, மோடம், அனுப்பும் குறுஞ்செய்தியின் வாசகம் எல்லாமே வேறு. குறைந்த வோல்டேஜில் தாக்குப்பிடிப்பதில் அவர்கள் போர்டுதான் மேல் என்று மகளே சொன்னார். எனவே மென்பொருள் திருட்டு என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. எதைத் திருடவில்லை என்பதையும் முதலிலேயே எழுதி வைத்தது பின்னால் மிகவும் உதவியது.

வக்கீல் கேட்ட முதல் கேள்வி

மறுநாளே கோபத்தோடு ஒரு வக்கீல் நோட்டீஸ் போனது. பதிவு எண்ணைப் போட்டு, "உடனே விற்பனையை நிறுத்து, நஷ்டஈடு கொடு" என்ற நோட்டீஸ். பதிலும் சூடாகவே வந்தது. உங்கள் பதிவே செல்லாது, ரத்து செய்ய மனுப் போடுவோம் என்று எழுதியிருந்தார்கள்.

அப்புறம்தான் அறிவுசார் சொத்து வழக்குகளில் பழக்கமுள்ள ஒரு வழக்கறிஞரிடம் போனோம். இரண்டு பெட்டிகளையும் மேசையில் வைத்தோம். அவர் பெட்டியைத் தொடவே இல்லை. "முதன்முதலில் வெளியாட்களிடம் காட்டிய தேதி என்ன, விண்ணப்பித்த தேதி என்ன?" என்று கேட்டார். மகள் தை என்றும் ஆவணி என்றும் சொன்னார். சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

விண்ணப்பத் தேதிக்கு முன் இந்தியாவிலோ வேறு நாட்டிலோ வெளியான வடிவம் பதிவுக்குத் தகுதி இழக்கிறது என்கிறது சட்டத்தின் 4-ஆம் பிரிவு. வெளியிட்டவர் உரிமையாளரே ஆனாலும் அதுதான் நிலை. மத்திய அரசு அறிவித்த கண்காட்சிகளுக்கு மட்டும் 21-ஆம் பிரிவில் ஒரு சலுகை உண்டு. அதற்கும் வடிவமைப்புப் பதிவு அதிகாரியான கன்ட்ரோலருக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து, காட்டிய ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இவர்கள் அறிவிப்புக் கொடுக்கவில்லை, ஆறு மாதமும் தாண்டிவிட்டது. அதோடு வாட்ஸ்அப் வீடியோவும் எண்பது விற்பனை பில்லும் இருந்தன. சான்றிதழ் கொடுத்த அலுவலகத்துக்குத் தஞ்சாவூர்க் கண்காட்சியைப் பற்றித் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 19-ஆம் பிரிவின்படி அதில் நலன் உள்ள எவரும் அந்தப் பதிவை ரத்து செய்யக் கேட்கலாம்.

மகள் வரைந்த வரைபடத்துக்குப் பதிப்புரிமை இல்லையா என்று நான் கேட்டேன். வடிவமைப்பாகப் பதியத்தக்க ஒன்றைப் பதியாமல் விட்டு, தொழில் முறையில் ஐம்பது தடவைக்கு மேல் அடித்துவிட்டால் அந்தப் பதிப்புரிமையும் போய்விடும் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2)-ஐக் காட்டினார். பதிவதற்கு முன்பே எண்பதைத் தாண்டியிருந்தோம்.

இன்னொரு சிக்கல் கூரையிலேயே இருந்தது. சட்டம் பாதுகாப்பது கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தை மட்டும். தண்ணீர் சொட்டாமல் காப்பது கூரையின் வேலை, அந்த வேலையை யாரும் உரிமை கொண்டாட முடியாது. எந்த வளைவில், எந்தச் சரிவில் அதை வைத்தார்கள் என்பதைத்தான் கேட்க முடியும்.

மிச்சம் இருந்தது தன் சரக்கை அடுத்தவர் சரக்கு என்று நம்பவைத்து விற்பது பற்றிய பொதுச்சட்ட உரிமை. அதற்குப் பதிவு தேவையில்லை. அந்தத் தோற்றத்தை வைத்தே மக்கள் உங்களை அடையாளம் கண்டார்கள், அதனால் ஏமாந்தார்கள் என்று காட்ட வேண்டும். அப்போதுதான் வக்கீல் பெட்டியைக் கையில் எடுத்தார். "இதைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்தாரே, அந்த விவசாயி சாட்சி சொல்வாரா?"

எடுத்த முடிவு

எங்கள் முன்னால் இரண்டு வழி இருந்தது. வழக்குப் போட்டு உடனே இடைக்காலத் தடை கேட்பது ஒன்று. வடிவமைப்பு வழக்கை மாவட்ட நீதிமன்றத்துக்குக் கீழே தொடுக்க முடியாது. எதிர்த்தரப்பு "பதிவே செல்லாது" என்று வாதாடினால் வடிவமைப்புச் சட்டத்தின் 22(4)-இன்படி வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய்விடும். இந்தூரில் தொடுத்த ஒரு பிளாஸ்டிக் டப்பா, மூடி வடிவ வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் இதை உறுதி செய்திருக்கிறது. வடிவமைப்பு உரிமை மீறலையும் ஏமாற்றி விற்றதையும் ஒரே வழக்கில் சேர்க்கலாம் என்று டில்லி உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2018-இல் சொல்லியிருப்பதையும் வக்கீல் காட்டினார். ஆனால் தடை கேட்கும்போது முதல் பார்வையிலேயே வழக்கு வலுவாகத் தெரிய வேண்டும். இவர்கள் வழக்கில் முதல் பார்வைக்குத் தெரிவது கண்காட்சித் தேதிதான்.

இரண்டாவது வழி, வணிக நீதிமன்றச் சட்டத்தின் 12ஏ பிரிவில் உள்ள, வழக்குக்கு முந்தைய சமரசம். அவசரத் தடை கேட்காத வணிக வழக்குகளில் அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்திருக்கிறது. மூன்று மாதம், இரு தரப்பும் ஒப்பினால் மேலும் இரண்டு மாதம். அதில் ஏற்படும் ஒப்பந்தத்துக்கு நடுவர் தீர்ப்பின் வலு உண்டு.

அப்பா வழக்குத்தான் என்றார். மகள் சமரசம் என்றார். நான் மகள் பக்கம் நின்றேன். என் காரணம் சட்டத்தைவிடப் பருவம்தான். தடை கிடைத்தால்கூட அதற்குள் குறுவை முடிந்துவிடும். அந்தப் பக்கத்துப் பெட்டியை வாங்கிய விவசாயிக்குச் சம்பாவில் ரிப்பேர் பார்க்க ஆள் இருக்காது.

ஆப்பிள், சாம்சங் கதை அப்பாவிடம் ஓரளவு எடுபட்டது. 2011 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் தொடங்கிய வழக்கு அது. 2012 ஆகஸ்டில் ஜூரி நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. ஆனால் அதே 2012-இல், இங்கிலாந்து நீதிமன்றம் சாம்சங்கின் டேப்லெட் ஆப்பிளின் பதிவான வடிவத்தை மீறவில்லை என்று தீர்ப்பளித்தது. அமெரிக்க வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இழப்பீட்டுக்கு அடிப்படையான "பொருள்" என்பது முழுக் கருவியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அதன் ஒரு பாகமாகவும் இருக்கலாம் என்று 2016 டிசம்பரில் சொல்லிவிட்டு வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2018 மே மாதம் வேறொரு ஜூரி 53.9 கோடி டாலர் என்றது. அடுத்த மாதமே இருவரும் பேசி முடித்துக்கொண்டார்கள். ஏழு வருடம் தாங்க அவர்களிடம் பணம் இருந்தது. நம் சட்டத்தில் தனியாக நஷ்டஈடு வழக்குப் போடாமல் வசூலிக்கக்கூடிய தொகை ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய், ஒரு வடிவத்துக்கு மொத்தமே 50,000 ரூபாய் வரைதான். அப்பா அந்த எண்ணைக் கேட்டதும், "மோல்டு காசுகூட வராதா?" என்றார். அதற்கடுத்த வாரம் சமரசத்துக்குச் சம்மதித்தார்.

சமரச மேசையில்

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக மனு போனது. எதிர்த்தரப்பு வருமா என்று சந்தேகமாக இருந்தது. மூவரும் வந்தார்கள். அவர்களில் ஒருவனுக்கு நான் மூன்றாவது செமஸ்டர் பாடம் எடுத்திருக்கிறேன்.

அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. கோயம்புத்தூர்ப் பட்டறையின் ஆள் வந்து "ரெடி ஸ்டாக்" என்று காட்டிய பெட்டி அது. ஜிஎஸ்டி பில்லோடு ஐந்நூறு வாங்கியிருக்கிறார்கள். யாருடைய மோல்டு என்று கேட்கத் தோன்றவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் இரண்டு பெட்டிகளையும் திறந்து பிறைக்கோட்டைக் காட்டினார். மூவரும் குனிந்து பார்த்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து என் மாணவன் சொன்னான்: "ஐயா, உங்க வீடியோவை நான் குரூப்ல பார்த்தேன். பார்க்கலன்னு சொல்ல மாட்டேன். பெட்டிதானே, எங்கயும் கிடைக்கிற பெட்டின்னு நினைச்சுட்டேன்." சட்டப்படி அவன் அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. அவர்கள் வக்கீலின் முகமே மாறியது. ஆனால் பேச்சு நகர்ந்தது அந்த வார்த்தைக்குப் பிறகுதான். மகளும் கண்காட்சித் தேதியை மறைக்காமல் சொன்னார். எங்கள் பதிவு நிற்காமல் போகலாம், உங்கள் பெட்டி எங்கள் மோல்டில் அடித்தது, இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பேசுவோம் என்றார்.

நான்கு அமர்வுகளில் முடிந்தது. இருப்பில் இருந்த முந்நூற்றுப் பத்துப் பெட்டிகளுக்கும் முன்மூடியை ஆரஞ்சு நிறத்தில் மாற்றி, நிறுவனத்தின் பெயரைத் தமிழில் பெரிதாக ஒட்டி விற்பது. அதன் பின் சொந்த வடிவம். ஒரு தொகை, எவ்வளவு என்று வெளியே சொல்லக் கூடாது. பதிவை ரத்து செய்ய மனுப் போடுவதில்லை. மாறி வந்த பெட்டியை இரு கடைகளும் வாங்கி வைத்து உரியவரிடம் சேர்ப்பது. கடைசி நிபந்தனை அந்தக் கருகிய பெட்டிக்காரருக்காக மகள் கேட்டது.

அதன் பிறகு

பட்டறைக்காரர் சமரசத்தில் ஒரு தரப்பு இல்லை. அவரைத் தனியாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது. மோல்டு தன்னுடையது, டெவலப்மென்ட் சார்ஜ்தான் வாங்கினேன் என்றார். அந்த ஒற்றை வரி பில் அவருக்குச் சாதகமாக இருந்தது. நிலைமையை மாற்றியது கும்பகோணம் தரப்பு கொடுத்த பில் நகல்கள். எந்தத் தேதியில் எத்தனை பெட்டி வெளியே போனது என்பது அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. சண்டை போட்டுக்கொண்டே இருந்திருந்தால் அந்தக் காகிதம் இந்தப் பக்கம் வந்திருக்காது. மேற்கொண்டு புகார் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு மோல்டைக் கொடுத்துவிட்டார். லாரி வாடகை இவர்களுடையது. நான்கு பேர் சேர்ந்து இறக்கினார்கள்.

கும்பகோணம் நண்பர்களின் புதுப்பெட்டி தட்டையாக, மேலே கைப்பிடியோடு இருக்கிறது. நன்றாகவே விற்கிறது.

எது மாறியிருக்க வேண்டும்

சிறு நிறுவனத்துக்கு வடிவமைப்பு விண்ணப்பக் கட்டணம் ஆயிரம் ரூபாய்தான், வக்கீல் செலவு தனி. கண்காட்சியில் கடை வாடகைக்கு அதைவிட அதிகம் கொடுத்தார்கள். தையில் காட்டுவதற்கு முன் மார்கழியில் விண்ணப்பித்திருந்தால் இந்த அறிக்கையின் பாதி இருந்திருக்காது. பத்து வருட உரிமை, மேலும் ஐந்து வருடம் நீட்டிப்பு, இரண்டும் வலுவாக நின்றிருக்கும்.

மோல்டு போடும்போது அரைப் பக்க ஒப்பந்தம் வேண்டும். மோல்டு யாருடையது, வேறு யாருக்கும் அடிக்கக் கூடாது, கேட்டால் எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். மோல்டின் உட்பக்கம் ஒரு எண்ணையும் வெட்டிவிடச் சொல்லலாம். இவர்களுக்குப் பிறைக்கோடு வாய்த்தது தற்செயல்.

முதல் நோட்டீஸ் தப்பு. பதிவு எண்ணை முன்னிறுத்தியதால் தாக்க வேண்டிய இடத்தை எதிர்த்தரப்புக்கு நாமே காட்டிவிட்டோம். விவசாயியின் வாக்குமூலத்தையும் மோல்டையும் வைத்துப் பேச்சைத் தொடங்கியிருக்க வேண்டும். வாங்கிய தரப்பும், ரெடி ஸ்டாக் என்று வரும் எந்தப் பெட்டிக்கும், மோல்டு யாருடையது என்று எழுதிக் கேட்டிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. நிற்காது என்று இரு தரப்புக்கும் தெரிந்த அந்தப் பதிவு இன்னும் ஏட்டில் இருக்கிறது. நாளைக்கு இது தெரியாத மூன்றாவது ஒருவர் அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து ஒதுங்கலாம். அதை யார்மீதும் பயன்படுத்த மாட்டோம் என்று எழுதி வைக்கச் சொன்னேன். அப்பா ஒப்பவில்லை. அவர் மகள் வரைந்த பெட்டி அது, அவர் மனதும் எனக்குப் புரிகிறது.

போன ஐப்பசியில் மகள் இரண்டாவது பெட்டியை வரைந்து முடித்தார். கூரை இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, விளக்குகள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கின்றன. மாதிரியை மேசையில் வைத்திருந்தபோது பாபநாசத்து எலக்ட்ரீசியன் வந்தார். "அருமையா இருக்கே அண்ணே" என்று செல்பேசியை எடுத்தார். அப்பா பெட்டியின் மேல் துண்டைப் போட்டு மூடினார். "விண்ணப்ப ரசீது வரட்டும் தம்பி. பத்து நாள் பொறு, நானே அனுப்புறேன்."

எலக்ட்ரீசியன் சிரித்துக்கொண்டே செல்பேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, டீ சொல்லப் போனார்.